பொறியியல் கலந்தாய்வு: கிடைப்பதை அல்ல, பிடித்ததை முதலில் எழுதுங்கள்



பிளஸ் டூ ரிசல்ட் வந்ததிலிருந்து ஆலங்குளத்தில் என் வீட்டுக்குத் தினமும் இரண்டு பேராவது வருகிறார்கள். என்னிடம் படித்தவர்களே இப்போது பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்து, "சார், எந்தக் காலேஜை முதல்ல போடணும்?" என்று கேட்கிறார்கள். தனித்தனியாகச் சொன்னதை எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

முன்பு கலந்தாய்வுக்கு ராஜபாளையத்தில் பொதிகை ரயில் ஏறி, சென்னை அண்ணா பல்கலைக்கழகம் போக வேண்டும். நம் முறை வரும்போது எங்கே இடம் மிச்சமிருக்கிறது என்று திரையில் தெரியும். அதில் பிடித்ததை எடுத்துக்கொள்வோம். 2018 முதல் எல்லாம் ஆன்லைன். மிச்சம் தெரியாமலே முன்கூட்டிப் பட்டியல் எழுத வேண்டும். பயமெல்லாம் அதனால்தான்.

போன வருடம் ஒரு கொத்தனாரின் மகள் வந்தாள். அரசுப் பள்ளியில் படித்தவள். பக்கத்திலுள்ள ஒரு கல்லூரியை முதலில் எழுதியிருந்தாள். நெல்லை அரசு பொறியியல் கல்லூரி ஒன்பதாவது இடத்தில் இருந்தது. ஏனம்மா என்றேன். "கிடைக்காததை மேலே போட்டா, கிடைக்கிறதும் போயிரும்னு சொன்னாங்க சார்."

இந்தப் பேச்சு ஊரெல்லாம் உலவுகிறது. அது உண்மையல்ல. கம்ப்யூட்டர் ரேங்க் வரிசையில் ஒவ்வொரு மாணவரையும் எடுக்கிறது. அவர் பட்டியலை மேலிருந்து பார்க்கிறது. முதலாவதில் இடம் இல்லையென்றால் இரண்டாவது, அதுவும் இல்லையென்றால் மூன்றாவது. கடைக்குப் பிள்ளையை அனுப்பும்போது, "பொன்னி இருந்தா வாங்கு, இல்லேன்னா ஐ.ஆர். 20" என்று சொல்லி அனுப்புகிறோமே, அதேதான். பொன்னியைக் கேட்டதற்காகக் கடைக்காரர் மற்ற அரிசியைத் தராமல் இருக்க மாட்டார். ஆனால் ஐ.ஆர். 20-ஐ முதலில் சொல்லிவிட்டால், பொன்னி இருந்தாலும் வீட்டுக்கு வராது.

"இரண்டும் கையில் கிடைத்தால் எதற்குப் போவாய்?" என்று மட்டும் கேட்டேன். யோசிக்காமல் "திருநெல்வேலி" என்றாள். அந்த ஒரே கேள்வியை வைத்துப் பட்டியல் முழுவதையும் மாற்றி எழுதினோம். நெல்லையே கிடைத்தது. 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டில் சேர்ந்ததால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் இரண்டையும் அரசே கட்டுகிறது.

இன்னும் சில விஷயங்கள்:

பட்டியலுக்கு எண்ணிக்கை வரம்பு கிடையாது. ஐந்தோடு நிறுத்தாதீர்கள். ஐந்திலும் இடமில்லை என்றால் அடுத்த சுற்றுக்குத்தான் போக வேண்டும்.

முந்தைய வருடங்களின் கட்-ஆஃபை உங்கள் வகுப்புப் பிரிவுக்குப் பாருங்கள். எட்டாதவை சில, எட்டுபவை பல, நிச்சயமானவை சில என்று இருக்கட்டும்.

போக மனமில்லாத கல்லூரியை எழுதவே எழுதாதீர்கள். "விடுதிக்கு அனுப்ப மாட்டேன்" என்று சீட் வந்த பிறகு சொல்வதைவிட, பெற்றோர் இப்போதே உட்கார்ந்து பேசிவிடுங்கள்.

கிடைத்ததை ஏற்றுக்கொண்டு மேலே உள்ளதற்குக் காத்திருக்கவும் வழி உண்டு. மேலே உள்ளது கிடைத்தால் கையிலிருப்பது போய்விடும். அதனாலும் வரிசை முக்கியம்.

நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் இந்தக் கலந்தாய்வில் வராது. அவற்றுக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும்.

சந்தேகம் இருந்தால் சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் வீட்டுக்கு வாருங்கள். மதிப்பெண் பட்டியலோடு பிள்ளையையும் கூட்டி வாருங்கள். படிக்கப் போவது அவர்கள்தானே.

எல்லாப் பிள்ளைகளுக்கும் என் ஆசிகள்.