மேற்பார்வை என்னும் பொறுப்பு

1986 மார்ச் 15 அன்று சிங்கப்பூர் சிராங்கூன் சாலையில், நியூ வோர்ல்ட் ஓட்டல் இயங்கிவந்த ஆறு மாடிக் கட்டடம் ஒரு நிமிஷத்துக்குள் சரிந்து 33 உயிர்களைப் பலிகொண்ட துர்ச்சம்பவத்தை ஆராய்ந்தவர்கள், வரைபடம் போட்டபோது கட்டடத்தின் சொந்தப் பாரத்தையே கணக்கில் சேர்க்காமல் விட்டிருந்தார்கள் என்று கண்டபோது, அஜாக்கிரதை எவ்வளவு சாதாரணமான ரூபத்தில் வரக்கூடும் என்பது விளங்கிற்று. அதன்பின் அந்நகரம் கட்டட விதிகளைப் படிப்படியாக இறுக்கிக்கொண்டே வந்தது.

அவ்வாறு 2008-ஆம் ஆண்டின் இறுதியில் கட்டுமான நிறுவனங்களுக்காக அங்கே அமலுக்கு வந்த உரிம முறையில் எனக்குப் பிரியமான அம்சம் ஒன்று உண்டு. நிறுவனத்தின் மூலதனத்தை மட்டும் பார்த்துத் திருப்தியடையாமல், நிர்வாகத்துக்கு ஒருவர், வேலையை நேரில் மேற்பார்வையிடும் தொழில்நுட்பப் பொறுப்பாளர் ஒருவர் எனப் பெயர் சொல்லி நியமிக்கும்படி சட்டம் கேட்கிறது. அப்படிப் பொறுப்பேற்றவர் அதே காலத்தில் வேறொரு நிறுவனத்துக்கு அப்பதவியை வகிப்பதையும் அது அனுமதிப்பதில்லை. சான்றிதழை வாடகைக்கு விட்டு வீட்டில் சுகமாக இருக்க நினைப்பவர்களுக்கு (எந்த ஊரில்தான் இல்லை?) இது சங்கடமே.

வீடு கட்டப் புறப்படும் நண்பர்களே, சதுர அடிக்கு என்ன விலை என்று விசாரிப்பதற்கு முன், தினமும் தளத்தில் நிற்கப்போகிறவர் யார், அவர் தகுதி என்ன என்று கேளுங்கள்.