மகிழ மரத்தடிச் சத்தியம்

உங்கள் வீட்டில் சிகரெட்டை விட்டவர் யாராவது உண்டா? உண்டென்றால் மிகவும் சந்தோஷம். விட்டுவிட்டு மறுபடியும் பிடித்துக்கொண்டவர் உண்டா? அப்படியானால் இந்தப் பிரயாணம் உங்களுக்காகத்தான்.

புத்தாண்டன்று அவர் பெட்டியைக் கசக்கிக் குப்பைத் தொட்டியில் எறிந்திருப்பார். நீங்களும் பாயசம் வைத்துக் கொண்டாடியிருப்பீர்கள். மாட்டுப் பொங்கலன்று துணி எடுக்க மாடிக்குப் போனால், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னாலிருந்து மெல்லிய புகை! நீங்கள் ஒன்றும் கேட்கவில்லை; அவரும் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் மூன்று நாள் வீட்டில் பேச்சே இல்லை. பிரசவ வைராக்கியம், புராண வைராக்கியம், மயான வைராக்கியம் என்று மூன்றைச் சொல்லி வைத்த பெரியவர்கள், நாலாவதாகச் சிகரெட்டு வைராக்கியத்தைச் சேர்க்க மறந்துவிட்டார்கள்.

போகட்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரையும் அழைத்துக்கொண்டு வடசென்னைக்கு ஒரு நடை வாருங்கள்.

"வடசென்னைக்கா? அங்கே புகையைத் தவிரப் பார்க்க என்ன இருக்கிறது?" என்கிறீர்களா? புகையைப் பற்றிப் பேசத்தானே போகிறோம்!

கடற்கரை ஸ்டேஷனில் கும்மிடிப்பூண்டி ரெயிலில் ஏறினால் அடுத்த ஸ்டேஷன் ராயபுரம். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரெயில் 1856-ஆம் வருஷம் ஜூலை முதல் தேதி இங்கிருந்துதான் வாலாஜா ரோடுக்குப் புறப்பட்டது. அப்போது அது நிஜமான புகைவண்டி. கரியைத் தின்று கரும்புகையைக் கக்கிக்கொண்டு போயிற்று. பிறகு டீசல் வந்தது. அதன் பிறகு மின்சாரம் வந்தது. இன்று பெயரில் மட்டுந்தான் புகை இருக்கிறது. புகைவண்டியே புகையை விட்டுவிட்டது, பார்த்தீர்களா? ஆனால் ஒரே நாளில் விடவில்லை. இதை உங்கள் வீட்டுக்காரரின் காதில் இப்போதே போட்டுவையுங்கள், பின்னால் உதவும்.

இன்னொரு விஷயமும் சொல்லுங்கள். ராயபுரம் ஸ்டேஷன் வாசலில் ஒருவர் கடைசிச் சிகரெட்டை அணைத்துவிட்டு ரெயில் ஏறினால், சுமார் இருபது நிமிஷத்தில், அதாவது திருவொற்றியூரை நெருங்கும்போதே, படபடத்துக்கொண்டிருந்த அவருடைய நாடி சற்று இறங்கத் தொடங்கிவிடும். பன்னிரண்டு மணி நேரத்தில் ரத்தத்திலுள்ள கார்பன் மோனாக்ஸைடு என்ற நச்சு வாயு சாதாரண அளவுக்குக் குறைந்துவிடும். ஒரு வருஷம் தாக்குப்பிடித்தால், சிகரெட்டால் மாரடைப்பு வரக்கூடிய அபாயம் ஏறக்குறையப் பாதியாகக் குறைகிறது. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் கணக்கு இது.

கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை தாண்டித் திருவொற்றியூரில் இறங்குங்கள். இது தொழிலாளர்களின் ஊர். 1946-ல் ஒரு சின்னக் கொட்டகையில் குழந்தைகளுக்கு ரப்பர் பலூன் செய்து, பிற்பாடு டயர் செய்து பெரிய கம்பெனியானவர்கள் இங்கேதான் ஆரம்பித்தார்கள். மோட்டார் சைக்கிள் செய்ததும் இந்த ஊரில்தான். வடக்கே எண்ணூரில் 1948-ல் தொடங்கிய மோட்டார் கம்பெனி பிறகு லாரியும் பஸ்ஸுமாகச் செய்து தள்ளியது. இத்தனை ஆலைகள் இருந்தால் ஷிப்டு உண்டு. ஷிப்டு இருந்தால் டீக்கடை உண்டு. டீக்கடை இருந்தால், பக்கத்திலேயே பெட்டிக் கடை! முன்பெல்லாம் அங்கே ஒரு தேங்காய் நார்க் கயிறு நுனியில் நெருப்போடு தொங்கிக்கொண்டிருக்கும். டீயைக் குடித்த கை தானாகவே அந்தக் கயிற்றை நோக்கிப் போகும். அந்தக் கை யோசித்துப் போவதில்லை. நோயின் பாதி அங்கேதான் இருக்கிறது.

இப்போது தியாகராஜ சுவாமி கோயிலுக்குள் வாருங்கள். வடிவுடை அம்மனைத் தரிசித்துவிட்டு, பிராகாரத்திலுள்ள மகிழ மரத்தடியில் சற்று உட்காருங்கள். உங்கள் வீட்டுக் கதை பெரிய புராணத்தில் நடந்த இடம் இது.

சுந்தரமூர்த்தி நாயனார் இவ்வூர்ச் சங்கிலியாரை மணக்க விரும்பினார். "உன்னைப் பிரியேன்" என்று சத்தியம் செய்ய வேண்டும். சுந்தரர் என்ன செய்தார் தெரியுமா? சிவபெருமானிடம் இரகசியமாக, "நான் சந்நிதியில் சத்தியம் செய்யும்போது நீர் மகிழ மரத்தடிக்குப் போய்விடும்" என்று கேட்டுக்கொண்டார். சாமி இல்லாத சந்நிதியில் செய்கிற சத்தியம் கட்டுப்படுத்தாதல்லவா? சாமியும் லேசுப்பட்டவர் அல்ல. சங்கிலியாரின் கனவில் வந்து, "மகிழ மரத்தடியில் சத்தியம் கேள்" என்று சொல்லிக்கொடுத்துவிட்டார். வேறு வழியின்றி சுந்தரர் இந்த மரத்தடியில் சத்தியம் செய்தார்.

கொஞ்ச காலம் சரியாகத்தான் போயிற்று. பிறகு ஒரு நாள் தென்றல் வீசியது. திருவாரூர் வசந்த விழா நினைவுக்கு வந்தது. அவ்வளவுதான், கிளம்பிவிட்டார். ஊர் எல்லையைத் தாண்டியதும் இரண்டு கண்களும் மறைந்தன.

யோசித்துப் பாருங்கள், அம்மா. சத்தியம் செய்யும்போதே ஓர் ஓட்டை வைத்துக்கொண்டார். நம் வீட்டுக்காரர் அலமாரியில் 'அவசரத்துக்கு' ஒரு பெட்டியை ஒளித்து வைத்தது போல. பழைய வாசனை ஒன்று மூக்கில் பட்டதும் சத்தியம் பறந்தது. டீக்கடைப் பக்கம் காற்று வீசினதும் அவருக்கு நேர்ந்தது போல. தென்றல் மேல் குற்றமில்லை. தென்றல் வரும் என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ளாததுதான் குறை.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. கண் போன சுந்தரர் திரும்பி ஓடவுமில்லை, உட்கார்ந்து அழுதுகொண்டேயிருக்கவுமில்லை, பாடிக்கொண்டே நடந்தார். திருவெண்பாக்கத்தில் ஓர் ஊன்றுகோல் கிடைத்தது. காஞ்சியில் ஒரு கண் கிடைத்தது. திருவாரூரில் மற்றொரு கண் கிடைத்தது. போனது ஒரு நொடியில், வந்ததோ படிப்படியாக.

சிகரெட்டை விடுவதும் அப்படித்தான். முதல் முயற்சியிலேயே விட்டவர்கள் சிலர்தான். பலர் பல தடவை விழுந்து எழுந்த பிறகே வெல்கிறார்கள். ஏனென்றால் இது மனசின் திட்டம் மட்டுமல்ல. புகையை இழுத்த பத்துப் பதினைந்து விநாடிக்குள் நிகோடின் மூளைக்குப் போய்விடுகிறது. நிறுத்தினால் மூளை கேட்கும். எரிச்சல், தூக்கமின்மை, பசி, சிடுசிடுப்பு எல்லாம் முதல் மூன்று நாள் உச்சத்தில் இருக்கும். மூன்று நாலு வாரத்தில் தணியும். ஒவ்வொரு ஆசையும் சில நிமிஷந்தான் நிற்கும். ஒரு டம்ளர் தண்ணீர், ஓர் ஏலக்காய், தெருக்கோடி வரை ஒரு நடை போதும், அலை தாண்டிவிடும். பாக்குப் பொட்டலமும் புகையிலையும் மட்டும் மாற்று அல்ல. அது ஒரு பேயை விரட்ட இன்னொரு பேயைக் கூப்பிடுவது.

ஊன்றுகோலும் உண்டு. டாக்டரைக் கேட்டு நிகோடின் சூயிங் கம் வாங்கலாம். அதை மிட்டாய் போலக் கடித்துத் தீர்க்கக் கூடாது. சிறிது மென்று, நாக்கில் சுரீர் என்றதும் கன்னத்தில் ஒதுக்கிக்கொள்ள வேண்டும். 1800-11-2356 என்ற எண்ணை 2018 முதல் சிகரெட்டுப் பெட்டியின் மேலேயே அச்சிட்டிருக்கிறார்கள். இலவசமாகக் கூப்பிடலாம், தமிழிலும் பேசலாம். பிடிப்பவர் தினமும் பார்க்கும் எண்ணைப் பிடிக்காதவராவது ஒரு தாளில் எழுதி வைக்க வேண்டாமா? அடையாற்றுப் புற்றுநோய் ஆஸ்பத்திரியிலும் 2002 முதல் இதற்கென்றே ஆலோசனை தந்து வருகிறார்கள்.

கோயிலிலிருந்து கடல் பக்கம் போனால் பட்டினத்தார் சமாதி. கப்பல் வாணிகம் செய்த கோடீசுவரர். எல்லாவற்றையும் துறந்து, கையில் ஒரு பேய்க்கரும்போடு ஊர் ஊராய்ச் சுற்றினார். அந்தக் கரும்பு எங்கே இனிக்கிறதோ அங்கே முக்தி என்பது வாக்கு. எத்தனையோ ஊரில் கசந்தது திருவொற்றியூரில்தான் இனித்தது என்கிறார்கள். கசந்த ஊர்களில் அவர் கரும்பைத் தூக்கி எறிந்திருந்தால்?

அடுத்தது விம்கோ நகர். 1923-ல் ஸ்வீடன்காரர்கள் இந்தியாவில் தொடங்கிய வெஸ்டர்ன் இந்தியா மாட்ச் கம்பெனியின் பெயர்ச் சுருக்கந்தான் விம்கோ. எத்தனை கோடி சிகரெட்டுகளுக்கு இந்த ஊர்த் தீக்குச்சி நெருப்பு வைத்ததோ! அந்தக் கம்பெனி பிற்பாடு இன்னொரு கம்பெனியோடு இணைந்துவிட்டது. 2021 முதல் மெட்ரோ ரெயில் இங்கே வந்து நிற்கிறது. தீப்பெட்டிப் பெயர் கொண்ட ஸ்டேஷன். உள்ளே தீக்குச்சி கிழிக்கத் தடை!

கடைசியாக எண்ணூர். கொசஸ்தலை ஆறு கடலோடு சேரும் கழிமுகத்தில் காற்று வாங்கலாம். அங்கே நின்றுகொண்டு உங்கள் வீட்டுக்காரர் நிச்சயம் ஒன்று கேட்பார்: "ஊரே ஆலைப் புகையில் கிடக்கிறதே, என் ஒரு சிகரெட்டா பெரிசு?"

நியாயமான கேள்விதான். 1970-ல் தொடங்கிய எண்ணூர் அனல் மின் நிலையம் 2017-ல் மூடப்பட்டது. அதற்காகக் காற்று சுத்தமாகிவிடவில்லை. வேறு ஆலைகள் இருக்கின்றன. 2023 டிசம்பர்ப் புயல் வெள்ளத்தில் இதே கழிமுகத்தில் எண்ணெய் மிதந்து, மீனவர் படகிலும் வலையிலும் ஒட்டிக்கொண்டது. இதையெல்லாம் சரிசெய்ய ஊர் கூடித் தேர் இழுக்க வேண்டும். ஆனால் ஆலைப் புகையைத் தாங்கும் நுரையீரலுக்கு இன்னொரு சுமை எதற்கு? ஆலையின் புகைபோக்கி நம் கையில் இல்லை. விரலிடுக்கில் இருப்பது நம் கையில்தான் இருக்கிறது. அதன் புகையைக் குழந்தையும் சேர்ந்து குடிக்கிறது என்பதையும் மெதுவாகச் சொல்லுங்கள்.

மெதுவாகத்தான். "நான் அப்போதே சொன்னேனே" என்ற வாக்கியத்தை மட்டும் எண்ணூர்க் கடலில் எறிந்துவிட்டு வாருங்கள். போன தடவை எந்த வேளையில், யாரோடு, எதைக் குடித்த பிறகு மறுபடி ஆரம்பித்தார் என்று கோபமில்லாமல் கேளுங்கள். அந்தத் தென்றல் வீசும் நேரத்துக்கு வேறொரு வேலை தேடி வையுங்கள். அலமாரிப் பெட்டியை அவர் கையாலேயே எறியச் சொல்லுங்கள். பிறகு, "இன்னொரு நாள் பார்க்கலாம்" என்று விடாமல், சமையலறைக் காலண்டரில் ஒரு தேதியைச் சுற்றிக் கோடு போடுங்கள்.

பாயசத்தை இந்தத் தடவை முதல் நாளன்று வைக்க வேண்டாம். நாலாவது நாள் வையுங்கள். அவருக்கு அப்போதுதான் அது தேவைப்படும்.