ஐந்தடிக்குக் கீழே

பெரம்பலூரிலிருந்து துறையூர் போகும் பேருந்தில் ஏறி குரும்பலூரில் இறங்கியபோது காலை ஏழரை மணி. மாசி மாதம். வெயில் அதற்குள் உறைக்க ஆரம்பித்திருந்தது. தெருமுனையிலேயே கலவை மெஷின் சத்தம் கேட்டது. அன்றைக்கு அந்த வீட்டுக்குத் தளம் போடும் நாள். முன்பக்கக் கம்பியில் திருஷ்டிப் பூசணியும் புதுத்துண்டும் கட்டியிருந்தார்கள். ஜல்லி ஒரு பக்கம், எம்-சாண்ட் ஒரு பக்கம் குவிந்து கிடக்க, நடுவில் இருபது பேர் ஓடிக்கொண்டிருந்தார்கள்.

நான் போனது ஒரு ஒப்பந்தத்தைப் பார்க்க. எங்கள் பக்கம் அதை ‘ஃபுல் காண்ட்ராக்ட்’ என்போம். ‘சாவி கையில கொடுத்துடுவேன்’ என்பது மேஸ்திரிகளின் சொல். சதுர அடிக்கு இவ்வளவு என்று ஒரு விலை. செங்கல், சிமென்ட், கம்பி, மரம், கரண்ட், பெயின்ட், ஆள் கூலி எல்லாம் அதில் அடக்கம். நாம் நாள் பார்த்துப் பால் காய்ச்சினால் போதும். வெளிநாட்டில் சம்பாதிப்பவர்கள் நிறைந்த மாவட்டம் இது. அனுப்பும் பணம் மட்டுமே வந்து சேரும், கட்டும்போது பக்கத்தில் நிற்க ஆள் வர முடியாது. அவர்களுக்கு இந்த ஒரே விலை பெரிய நிம்மதி. இந்த வீட்டுக்காரரும் வளைகுடாவில் இருக்கிறார். பொறுப்பெல்லாம் அவர் மனைவியுடையது.

அந்த அம்மா பீரோவிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்து வந்தார். உள்ளே பத்திரத்தாளில் எழுதிய ஒப்பந்தம், அதோடு பின் செய்த நான்கு பக்கம். “அண்ணன் ரெண்டு பக்கந்தான் எழுதிட்டு வந்தாரு. மீதி ரெண்டு பக்கம் நான் கேட்டுக் கேட்டு எழுத வச்சது” என்றார். அந்த வீட்டைக் கட்டும் மேஸ்திரி சிரித்துக்கொண்டே, “தங்கச்சி வாத்தியாரம்மா மாதிரி சார்” என்றார். பதினைந்து வயதில் கையாளாக வேலைக்கு வந்தவர் அவர். கொத்தனாராகி, மேஸ்திரியாகி, இப்போது முழு வீடும் பேசிக் கட்டுகிறார்.

நான்கு பக்கத்தில் என் கண் போய் நின்றது மூன்றாம் பக்கத்தில் உள்ள ஒரு வரியில்: ‘வானம் ஐந்தடி வரை இந்த விலையில் அடக்கம். அதற்குக் கீழே போக வேண்டி வந்தால் ஒவ்வொரு அடிக்கும் தனிக் கூலி, பொருளுடன்.’ வானம் என்றால் கடைக்கால் போடத் தோண்டும் பள்ளம். பக்கத்தில் அடிக்கு எவ்வளவு என்ற தொகையும் இருந்தது.

இந்த மாவட்டத்தில் செம்மண்ணும் கரிசலும் கலந்து கிடக்கும். ஒரே தெருவில் இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் இன்னொன்று. பருத்திக்கும் மக்காச்சோளத்துக்கும் கரிசல் தாய்மண். வீட்டுக்கு அது அப்படி இல்லை. மழையில் தண்ணீரைக் குடித்து ஊதும். கோடையில் கைவிரல் நுழையும் அளவுக்குப் பிளந்து சுருங்கும். மேலே நிற்கும் சுவரை வருஷத்துக்கு ஒரு தடவை தூக்கி இறக்கும். ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஓடும் விரிசல்களுக்குப் பாதிக் காரணம் இதுதான். அதனால் ஊதிச் சுருங்கும் அந்த அடுக்கைத் தாண்டி, கெட்டியான மண்ணில் தூண் இறங்க வேண்டும். குழியைத் திரும்ப மூடும்போது தோண்டிய கரிசலையே அள்ளிப் போடாமல் கிராவல் கொட்டி இடிக்க வேண்டும். பெல்ட் கான்கிரீட் சுற்றிலும் அறுபடாமல் ஓட வேண்டும்.

மேஸ்திரி என்னைப் பின்பக்கம் கூட்டிப்போய், செப்டிக் டேங்குக்குத் தோண்டிய குழியைக் காட்டினார். அதன் சுவரில் மண் அடுக்கு தெளிவாகத் தெரிந்தது. மேலிருந்து ஐந்தரை அடி வரை கன்னங்கரேல். அதற்குக் கீழே வெளிறிய மஞ்சள், சுண்ணாம்புக் கல் பொடிப்பொடியாக. அவர் கருப்பு மண்ணில் ஒரு கட்டியைப் பெயர்த்து என் உள்ளங்கையில் வைத்துத் தண்ணீர் தெளித்தார். இரண்டு நிமிடத்தில் அது சோப்பு மாதிரி வழுக்கியது. கீழ்மண்ணை எடுத்து அதே போல் தெளித்தார். ஈரம் பட்டது, உதிர்ந்தது, வழுக்கவில்லை. “இதுல கால் வைக்கணும் சார். அஞ்சடில நிறுத்தியிருந்தா கருப்புலயே நின்னிருக்கும். ஆறரை அடி போனோம். ஒன்றரை அடிக்குக் காசு தங்கச்சி கொடுத்துச்சு. எழுதியிருந்ததால ரெண்டு பேருக்கும் மனஸ்தாபம் இல்ல.”

எனக்கு என் வீடு நினைவுக்கு வந்தது. பன்னிரண்டு வருஷத்துக்கு முன் எங்கள் குடும்பம் கட்டிய வீடு. அதுவும் ஃபுல் காண்ட்ராக்ட்தான். ஒப்பந்தம் ஒன்றரைப் பக்கம். சதுர அடி விலை குறைவாக இருந்ததே எங்களுக்குப் போதுமானதாக இருந்தது. வானத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை. கட்டியவர் தன் கணக்குக்குக் கட்டுப்படியாகும் ஆழத்தில் நிறுத்திக்கொண்டார். கேட்க எங்களுக்குத் தெரியவில்லை. செப்டிக் டேங்க், மேல் தொட்டி, காம்பவுண்டு எல்லாம் ‘அது தனி’ என்று ஒவ்வொன்றாக வந்தன. புதுமனை புகுவிழாவுக்குப் பத்திரிகை அடித்த பிறகும் கரண்ட் இணைப்பு வரவில்லை. கூடத்துச் சுவரில் இன்றைக்கும் ஒரு விரிசல் இருக்கிறது. இரண்டு தடவை பட்டி பார்த்து வண்ணம் அடித்தோம். ஒவ்வொரு சித்திரையிலும் திறந்துகொள்கிறது. அப்பா கடைசிவரை அந்தச் சுவரைப் பார்த்து உட்கார மாட்டார்.

ஒரே விலை என்று பேசும்போது விலைதான் நிலையாக இருக்கிறது. மண்ணும் சந்தையும் மழையும் அப்படி இருப்பதில்லை. அந்த வித்தியாசத்தை யார் தாங்குவது என்று எழுதாமல் விட்டால், கடைசியில் வீடு தாங்குகிறது. கம்பி இடைவெளி ஓரங்குலம் கூடும், பூச்சில் சிமென்ட் குறையும், நீராற்ற வேண்டிய நாளில் இரண்டு குறையும். இதெல்லாம் சாவி வாங்கும் நாளில் கண்ணுக்குத் தெரியாது.

சந்தை எப்படி ஆடும் என்பதற்கு 2025ஆம் ஆண்டே போதும். ஏப்ரலில் குவாரி, கிரஷர் உரிமையாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஜல்லியும் எம்-சாண்டும் கிடைக்காமல் வேலைகள் நின்றன. செப்டம்பர் 22ஆம் தேதி சிமென்ட் மீதான ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. இந்த ஒப்பந்தம் கையெழுத்தானது அந்த ஆவணியில். “இறங்குனது உங்களுக்கு லாபம்தானே மேஸ்திரி?” என்று கேட்டேன். “லாபந்தான் சார். ஏறியிருந்தா நான்தான் தாங்கியிருப்பேன். பத்து மாசத்துக்கு விலை மாறாதுன்னு கையெழுத்துப் போட்டிருக்கேன்” என்றார். நியாயமான பதில். விலை இறங்கினால் தனக்கு, ஏறினால் வீட்டுக்காரருக்கு என்று எழுதுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன்.

இதற்குள் மேலே கான்கிரீட் பாதித் தளம் வந்திருந்தது. நானும் சாரத்தில் ஏறினேன். ஆயிரம் சதுர அடித் தளம், ஐந்து அங்குல கனம். கணக்குப் போட்டால் ஏறக்குறைய 417 கன அடி; நாலு யூனிட்டுக்குச் சற்று மேல். தளத்துக்கு மட்டும் தொண்ணூறு மூட்டைக்குக் குறையாமல் சிமென்ட் போகும். அந்த சிமென்ட்டின் சுண்ணாம்புக் கல் பக்கத்து அரியலூருடையது. கோடிக்கணக்கான வருஷங்களுக்கு முன் கடலாக இருந்த மண் அது. சுரங்கங்களில் இன்றும் சங்கும் சிப்பியும் கல்லாகிக் கிடைக்கின்றன. அரசின் டான்செம் ஆலை அங்கே 1979இல் தொடங்கியது. தனியார் ஆலைகளும் வரிசையாக இருக்கின்றன.

மெஷினுக்குத் தண்ணீர் ஊற்றிய பையன் குழாயைக் கொஞ்சம் அதிகம் திறந்துவிட்டான். மேஸ்திரி மேலிருந்தே சத்தம் போட்டார்: “டேய், வாளி எண்ணிக்கை! குழாய்ல விடாத!” மூட்டைக்கு இருபத்தைந்து, மிஞ்சினால் இருபத்தேழு லிட்டர். அதற்கு மேல் போனால் கலவை இளகி ஓடும். பரப்ப லேசு, மாலை ஐந்துக்குள் வேலை முடியும், ஆனால் காயும்போது நுண்துளை விழுந்து பலம் போய்விடும். மொத்த விலைக்குப் பேசிய வேலையில் ஒரு நாள் மிச்சம் என்றால் இருபது பேர் கூலி மிச்சம். அந்த ஆசை கையெட்டும் தூரத்தில், ஒரு குழாய்த் திருகில் இருக்கிறது. அதைத் திறக்க விடாத மேஸ்திரியைப் பார்த்தபோது எனக்கு மனம் நிறைந்தது.

சட்டி தூக்கியவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அவர்களில் மூத்தவர், ஐம்பத்தைந்து வயதிருக்கும், சும்மாட்டை அவிழ்த்து உதறிவிட்டு டீ குடிக்க உட்கார்ந்தார். நாளையிலிருந்து தளத்தில் தண்ணீர் தேக்கப்போவது அவர்தான். பாத்தி கட்டி, பதினான்கு நாள். எப்படித் தெரியும், போதும் என்று? நான் கேட்டது தளத்தைப் பற்றி. அவர் சுவரைக் காட்டிச் சொன்னார்: “தம்பி, பூச்சு சுவத்துல தண்ணி அடிச்சா ‘சொய்’னு உறிஞ்சுற சத்தம் கேக்கும். அந்தச் சத்தம் அடங்குற வரைக்கும் அடிக்கணும். அடங்கலைன்னா அதுக்குத் தாகம்.” ஓர் ஓரத்தில் போய்த் தண்ணீர் அடித்துக் காட்டினார். காதை வைத்துக் கேட்டேன். நிஜமாகவே சுவர் உறிஞ்சியது. மூன்றாவது தடவை சத்தம் நின்றது.

ஐ.எஸ். 456 என்ற இந்தியத் தரக் குறியீடு, சாதாரண சிமென்ட் கான்கிரீட்டுக்குக் குறைந்தது 7 நாள், சாம்பல் கலந்த சிமென்ட்டுக்கு 10 நாள் ஈரம் காக்கச் சொல்கிறது. வறண்ட வெயில் நாள்களில் இன்னும் கூடுதலாக. நம் ஊர் மூட்டைகளில் பெரும்பாலானவை சாம்பல் கலந்தவையே. சட்டி தூக்கிய அந்த மூத்த பெண் பதினான்கு நாள் என்பதைக் குறியீட்டைப் படித்துச் சொல்லவில்லை. முப்பது வருஷம் தண்ணீர் அடித்த கை அது. ஆனால் அவருக்குக் கிடைப்பது ஆண் கையாளைவிடக் குறைந்த கூலி. இதை மேஸ்திரியிடம் நேராகவே சொன்னேன். “வழக்கம் அப்படி ஆயிடுச்சு சார்” என்றார். வழக்கமானாலும் அது தவறுதான். வீட்டின் ஆயுளை நிர்ணயிக்கிற வேலைக்கு வீட்டிலேயே குறைந்த கூலி கொடுக்கிறோம்.

அந்தப் பெண்ணிடம் கட்டுமானத் தொழிலாளர் நலவாரிய அட்டை இருக்கிறது. வாரியம் 1994இல் வந்தது. குறிப்பிட்ட மதிப்புக்கு மேல் கட்டும் சொந்த வீட்டுக்குக் கட்டுமானச் செலவில் ஒரு சதவீதம் தொழிலாளர் நல நிதியாக நாம் கட்டுகிறோம். வரைபட அனுமதியின்போதே வாங்கிவிடுகிறார்கள். அந்தப் பணம் இவர்களுக்குத்தான். உங்கள் வீட்டில் வேலை செய்கிறவர்களிடம் அட்டை இருக்கிறதா, புதுப்பித்தார்களா என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

மதியம் வீட்டுக்கார அம்மா எல்லோருக்கும் பிரியாணி போட்டார். தளம் போடும் நாளில் சாப்பாடு வீட்டுக்காரர் செலவு. அது ஒப்பந்தத்தில் எழுதாத பழக்கம். சாப்பிட்டுக்கொண்டே மீதிப் பக்கங்களைப் படித்தேன். சதுர அடிக் கணக்கு வெளிச்சுவருக்கு வெளிச்சுவர், படிக்கட்டும் போர்டிகோவும் முழுக் கணக்கு, சன்ஷேடு கணக்கில் இல்லை. அறைக்கு அறை எத்தனை சுவிட்ச் பாயின்ட், டைல்ஸ் சதுர அடி எந்த விலை வரை, பேஸ்மட்டம் சாலையிலிருந்து எத்தனை அடி உயரம், எல்லாம் இருந்தது. போர்வெல்லும் காம்பவுண்டும் தனி என்றும் தெளிவாகவே எழுதியிருந்தது. வேலை நடக்கும்போது தற்காலிக மின் இணைப்புக்கு வீட்டு இணைப்பைவிடக் கட்டணம் அதிகம். அது மேஸ்திரி பொறுப்பு. வரைபட அனுமதி வீட்டுக்காரர் பொறுப்பு. 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடிக்குள் கட்டும் வீட்டுக்கு 2024 ஜூலை முதல் சுயசான்று முறை இருப்பதால், அந்த அம்மா ஆன்லைனிலேயே வாங்கிவிட்டார்.

ஓரிடத்தில் மட்டும் பேனாவால் அடித்திருந்தது. கம்பி, சிமென்ட், குழாய் கம்பெனிப் பெயர்களுக்குப் பக்கத்தில் ‘அல்லது அதற்கு இணையானது’ என்று இருந்ததை அவர் அடித்துவிட்டு, ‘மாற்றினால் முன்கூட்டிக் கேட்டு’ என்று எழுத வைத்திருக்கிறார். கம்பி வந்த அன்று ஒன்றை எடைபோட்டும் பார்த்திருக்கிறார். 12 மி.மீ. கம்பி 12 மீட்டர் நீளம் என்றால் ஏறக்குறைய 10.66 கிலோ இருக்க வேண்டும். இருந்தது.

நம் மனையில் நாம் ஒருவரை வைத்துக் கட்டும் வீடு ரெரா சட்டத்துக்குள் வராது. ஆனால் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வீடு கட்டித் தருவதைச் சேவை என்றே சொல்கிறது. ஐம்பது லட்சம் வரையிலான ஒப்பந்தங்களுக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே முறையிடலாம். அங்கே முதலில் கேட்பது எழுதிய தாளைத்தான். எங்கள் வீட்டு விரிசலுக்கு நாங்கள் போகாததற்குக் காரணம் கையில் இருந்த தாளில் வானத்தைப் பற்றி எதுவும் இல்லாததே.

சாயங்காலம் கடைசிச் சட்டி மேலே போனபோது மணி ஐந்தே முக்கால். மெஷினைக் கழுவினார்கள். கிளம்பும்போது கடைசிப் பக்கத்தின் கடைசி வரியைப் பற்றி மேஸ்திரியிடம் கேட்டேன். வைகாசியில் குடிபோகிறார்கள். ஆனால் ஐம்பதாயிரம் ரூபாய் மட்டும் ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்த பிறகுதான் அவருக்குக் கிடைக்கும். ஒழுகல், விரிசல், கதவு இறுக்கம் ஏதாவது வந்தால் சரிசெய்துவிட்டு வாங்கிக்கொள்வார். அந்த வரியை அம்மா கேட்கவில்லையாம், அவராகவே எழுதினாராம். “மழை பாத்தாதான் சார் வீடு” என்றார்.

பெரம்பலூர், அரியலூர்ப் பக்கம் வீடு கட்டப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். சதுர அடி என்ன விலை என்று கேட்பதற்கு முன் மனையில் ஓர் ஆள் உயரத்துக்குக் குழி ஒன்று வெட்டுங்கள். எந்த அடியில் கருப்பு முடிகிறது என்று மேஸ்திரியோடு சேர்ந்து நின்று பாருங்கள். அந்த அடியை ஒப்பந்தத்தில் எழுதுங்கள். குழி வெட்ட இரண்டு ஆள், ஒரு நாள் கூலி ஆகும்.