நடுவில் எடுத்த ஒயர்

என் கிளீனரின் இடது கண் பார்வை போனதற்கு நான்தான் காரணம். அந்தப் பழியை அவன் தலையிலேயே போட்டதும் நான்தான். முதலாவது அகம்பாவத்தால் நடந்தது. இரண்டாவது பயத்தால். இரண்டையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

லாரிக்கு 24 வோல்ட் வேண்டும். அதற்காக 12 வோல்ட் பேட்டரி இரண்டை வரிசையாக இணைத்திருப்பார்கள். கேபினில் நான் மாட்டிய ஃபேனும் டேப் செட்டும் 12 வோல்ட்டில் ஓடுபவை. முறைப்படி ஒரு கன்வெர்ட்டர் போட்டு 24-ஐ 12-ஆகக் குறைத்திருக்க வேண்டும். அது இரண்டு பேட்டரியிலிருந்தும் சமமாக எடுக்கும். நான் போடவில்லை. இரண்டு பேட்டரிக்கும் நடுவிலுள்ள இணைப்பிலிருந்து ஒரு ஒயரை இழுத்தேன். கேபின் முழுவதும் ஒரே பேட்டரியில் ஓடியது.

சங்ககிரியில் எலக்ட்ரீசியன் ஒருவர் தடுத்தார். “ஒண்ணு பட்டினி கெடக்கும், இன்னொண்ணு கொதிக்குமுங்ணா. வேண்டாம்” என்றார். என்னைவிட வயதில் சிறியவர். “நான் ஸ்டியரிங் புடிச்சப்ப நீ பள்ளிக்கூடமே போயிருக்க மாட்ட” என்றேன். காசு ஒரு காரணமே இல்லை. அவர் சொல்லி நான் கேட்பதா என்பதுதான் காரணம்.

அவர் சொன்னது அப்படியே நடந்தது. சேலத்து ஜவ்வரிசியை ஏற்றிக்கொண்டு 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் நாக்பூர் போவது எங்கள் வழக்கம். என்ஜினை நிறுத்திவிட்டுப் படுத்தால் ஃபேன், பாட்டு, போன் சார்ஜர் எல்லாம் சேர்ந்து சுமார் 5 ஆம்பியர் இழுக்கும். எட்டு மணி நேரத்துக்கு 40 ஆம்பியர் ஹவர். 120 ஆம்பியர் ஹவர் பேட்டரியில் அது மூன்றில் ஒரு பங்கு. ஓடும்போது ஆல்டர்னேட்டர் 28 வோல்ட் கொடுக்கும். பேட்டரிக்குப் பதினான்காகப் பிரிய வேண்டியது பிரியாது. இறங்கிய பேட்டரி 13-இல் நின்றால், நிறைந்த பேட்டரியின் மேல் 15 விழும். இறங்கியது இறங்கியபடியே கிடக்கும். நிறைந்ததில் தண்ணீர் ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரிந்து போய்க்கொண்டே இருக்கும். தண்ணீர் குறையக் குறைய உள்ளே வாயு நிற்க இடம் கூடும். காற்றில் 4 சதவீதம் ஹைட்ரஜன் கலந்தாலே பற்றிக்கொள்ளும்.

என் கிளீனருக்கு அப்போது பத்தொன்பது வயது. டிஸ்டில்டு வாட்டர் ஊற்றுவது அவன் வேலை. “ஒரு பேட்டரி மட்டும் தண்ணி குடிச்சிக்கிட்டே இருக்குதுங்ணா” என்று அவன் பலமுறை சொன்னான். காரணம் எனக்குத் தெரியும். “ஊத்தறது உன் வேலை, ஊத்து” என்றேன்.

ஆதிலாபாத் தாண்டி ஒரு தாபாவில் படுத்திருந்தோம். மார்கழிக் குளிர். விடியற்காலையில் சாவியைத் திருப்பினேன். டக்கென்று ஒரு சத்தம் மட்டும். செல்ஃப் எடுக்கவில்லை. பக்கத்தில் நின்ற மகாராஷ்டிரா வண்டியின் டிரைவர் உதவிக்கு வந்தார். அவர் வண்டியிலிருந்து கேபிள் போட்டு, அவர் என்ஜினை ஓடவிட்டு, சற்று நேரம் சார்ஜ் ஏற்றினோம். மறுபடியும் எடுக்கவில்லை. கிளிப் சரியாகப் பிடிக்கவில்லை என்று நினைத்தேன். என்ஜினை அணைக்கட்டுமா என்று அவர் சைகையில் கேட்டார். வேண்டாம் என்று கையை ஆட்டினேன். மற்ற டிரைவர்கள் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு அவமானமாக இருந்தது. சீக்கிரம் கிளம்பிவிட வேண்டும், அவ்வளவுதான்.

“கிளிப்பப் புடுங்கி இறுக்கிப் போடுடா” என்று கத்தினேன்.

கேபிளில் கரண்ட் ஓடும்போது கிளிப்பைப் பிடுங்கினால் பொறி பறக்கும். கடைசி கிளிப்பை பேட்டரியில் மாட்டாமல், தள்ளி சேஸிஸ் இரும்பில்தான் மாட்ட வேண்டும். இந்த இரண்டும் எனக்குத் தெரியும். அவனுக்குத் தெரியாது, நான் சொல்லிக்கொடுத்ததில்லை. அவன் பேட்டரிப் பெட்டியின் மேல் குனிந்து, நான் சொன்னபடி பிடுங்கினான்.

தண்ணீர் வற்றிய பேட்டரி வெடித்தது. ஆசிட் அவன் முகத்தில் அடித்தது. அந்த இடத்திலேயே கண்ணைத் திறந்து வைத்து, இருபது நிமிடமாவது விடாமல் தண்ணீர் ஊற்றியிருக்க வேண்டும். தாபாவில் தொட்டி நிறையத் தண்ணீர் இருந்தது. நான் ஒரு பாட்டில் தண்ணீரை அடித்துவிட்டுத் துண்டால் துடைத்தேன். தொட்டிக்கு அவனை இழுத்துப் போனது அந்த மகாராஷ்டிரா டிரைவர்தான். என் கை வீணாக்கிய நேரத்தில் ஆசிட் தன் வேலையைச் செய்துவிட்டது. வலது கண் தப்பியது.

ஆஸ்பத்திரி வாசலில் நின்றுதான் முதலாளிக்குப் போன் செய்தேன். “பையன் பேட்டரிக்குத் தண்ணி ஊத்தாம விட்டுட்டான்” என்றேன். தடுமாறி வந்த வார்த்தை இல்லை. யோசித்துச் சொன்னது. முதலாளி ஆள் விட்டுப் பார்த்தபோது பேட்டரி வற்றித்தான் இருந்தது. அது வற்றக் காரணமான ஒயரை, ஆள் வருவதற்குள் நான் கழற்றி எறிந்திருந்தேன். என் தப்பின் அடையாளமே அவனுக்கு எதிரான சாட்சியாகிவிட்டது. முதலாளி ஆஸ்பத்திரிச் செலவோடு நிறுத்திக்கொண்டார். அவன் குடும்பத்துக்கு வேறு ஒன்றும் கிடைக்கவில்லை. ஹெவி லைசென்ஸ் எடுத்துத் தனி டிரைவராக வேண்டும் என்று வந்தவன் அவன். இனி எந்த லாரியையும் அவன் ஓட்டப்போவதில்லை.

மிகத் தாமதமாகத்தான் முதலாளியிடமும் அவன் பெற்றோரிடமும் உண்மையைச் சொன்னேன். அவன் அம்மா கேட்டது ஒன்றுதான்: “அன்னிக்கே ஏன் சொல்லலீங்க?” வேலை போய்விடும் என்று பயந்தேன். அதைத் தவிர என்னிடம் வேறு பதில் இல்லை. இப்போது என் சம்பளத்தில் ஒரு பகுதி அந்த வீட்டுக்குப் போகிறது. அதை நான் பரிகாரமாகக் கணக்கு வைக்கவில்லை. அன்றே சொல்லியிருந்தால் அவர்களுக்கு நியாயமாக வந்திருக்க வேண்டிய பணம் அதைவிடப் பெரியது.

உங்கள் வண்டியில் நடுவிலிருந்து ஒயர் போயிருந்தால் இன்றைக்கே கழற்றுங்கள். ஜம்ப் போடும் முறையை உங்கள் கிளீனருக்குச் சொல்லிக்கொடுங்கள். என்னைப் பற்றித் தீர்ப்புச் சொல்கிறவர்கள் ஒன்றை மட்டும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்: தெரியாமல் செய்தான் என்று என்னை விட்டுவிட வேண்டாம். எல்லாம் தெரிந்தே செய்தேன்.