சுவரில்லாக் கந்தோர்

கல்வி முற்றியதும் உத்தியோகந் தேடிக் கொழும்புக்குச் செல்லுதல் நம்மவர் வாழ்வில் நெடுங்கால வழக்காய் இருந்து வந்தது. 1956ஆம் ஆண்டில் யாழ்தேவி ஓடத் தொடங்கிய காலத்தில் அவ்வண்டியில் ஏறி இறங்கியோருட் பலர் இலிகிதர்களும் கணக்காளர்களுமே. கோவைகள் கந்தோரில் இருந்தன. ஆதலாற் கோவையைப் பார்ப்பவரும் கந்தோரிலேயே இருக்க வேண்டியவராயினர். வீடும் பெற்றோரும் ஏறக்குறைய 400 கிலோமீற்றருக்கு அப்பால் நின்றன. விடுமுறைக்கு விடுமுறையே அவர்களுக்கு ஊர் என்று ஒன்று இருந்தது.

அந்நிலை இன்று மாறிவிட்டது. 2006ஆம் ஆண்டிற் கூகுள் நிறுவனமும் 2011ஆம் ஆண்டில் மைக்ரோசொப்ட் நிறுவனமும் கந்தோர்க் கருமங்களுக்கான மென்பொருள்களை இணையவழித் தொகுதியாய் நிறுவனங்களுக்கு வழங்கத் தொடங்கின. அவை இப்பொழுது கூகுள் வேர்க்ஸ்பேஸ் என்றும் மைக்ரோசொப்ட் 365 என்றும் பெயர் பெற்றுள்ளன. கடிதம், கணக்குப் பட்டியல், நாட்குறிப்பு, கூட்டம் ஆகிய யாவும் எங்கோ உள்ள பெருங்கணினி நிலையங்களில் இருக்க, உரிமையுடையோர் எவ்விடத்திலிருந்தும் அவற்றை எடுத்தாளலாம். இதனையே மேகக் கணிமை என்பர். பருத்தித்துறையில் வீட்டு விறாந்தையில் இருப்பவரும் கொழும்பிற் கந்தோர் மேசையில் இருப்பவரும் ஒரே ஏட்டில் ஒரே வேளையில் எழுதுதல் இன்று புதுமையன்று.

ஆயின், மென்பொருளை வாங்குதல் வேறு. கந்தோரை அமைத்தல் வேறு. மாதச் சந்தாவைச் செலுத்தினால் ஒரு மணி நேரத்திற் கணக்குகளைத் திறந்துவிடலாம். எந்தக் கோவை எங்கே இருப்பது, அதை எவர் பார்ப்பது, திறப்பு எவர் கையில் இருப்பது, விலகுபவர் எதனை ஒப்படைப்பது என்பவற்றை மென்பொருள் தானாகத் தீர்மானிக்க மாட்டாது. சில ஆண்டுகளாக இவ்வேலையிற் பழகியவன் என்ற முறையில் யான் கொண்ட முடிபு ஒன்றே. கந்தோரிலிருந்து மிகத் தூரத்தில் இருப்பவருக்கும், மிக அருகில் இருப்பவருக்குக் கிடைக்கும் அதே ஏடும் அதே செய்தியும் அதே சொல்லுரிமையும் கிடைக்குமாயின் அவ்வமைப்பு நன்று. கிடையாதாயின், எத்துணைப் பணஞ் செலவிட்டாலும் அது குறையுடையதே.

2020ஆம் ஆண்டு மார்ச் 20ஆந் திகதி மாலை நாடெங்கும் ஊரடங்கு பிறப்பிக்கப்பட்டபோது யான் கொழும்பிலே ஒரு சிறு நிறுவனத்தின் நிருவாகப் பகுதியிற் கடமையாற்றிக்கொண்டிருந்தேன். வேலை நின்றுவிடக் கூடாதென்ற பதற்றத்தில், ஒவ்வொருவரும் தத்தம் சொந்த மின்னஞ்சற் கணக்கிலேயே கந்தோர் ஏடுகளை வைத்துக்கொள்ளும்படி மேலிடம் பணித்தது. ஓராண்டு இவ்வாறு கழிந்தது. பின்னர், வாடிக்கையாளர் இடாப்பை வைத்திருந்த அம்மையார் ஒருவர் வேலையை விட்டுக் குடும்பத்தோடு இலண்டன் சென்றார். அவர் போன பின்னரே அவ்விடாப்பு முழுவதும் அவருடைய சொந்தக் கணக்கில் இருந்தமை கந்தோருக்குப் புலனாயிற்று. அவர் நல்லவர், கேட்டவுடன் அனுப்பி வைத்தார். ஆனால் ஒரு நிறுவனத்தின் உயிர்நாடி, விலகிச் சென்ற ஒருவரின் நல்ல மனத்தில் தங்கியிருத்தல் தகுமோ? இதன் பின்னரே அமைப்பைப் புதிதாகச் செய்யும் பொறுப்பு என்னிடம் ஒப்படைக்கப்பட்டது.

ஆதலின் முதல் விதி இது: ஏடு கந்தோருக்கு உரியது, ஆளுக்கு உரியதன்று. கச்சேரியிற் கடமையாற்றிய பழைய பிரதம இலிகிதர் எவருக்கும் இது தெரிந்த விடயமே. கோவைக்கு இலக்கம் உண்டு, இடாப்பு உண்டு. அதை எவரும் தம் பெயரில் வைத்திருப்பதில்லை. மேகக் கந்தோரிலும் அவ்வாறே. பணியாளர் அனைவருக்கும் நிறுவனத்தின் பெயரிலமைந்த கணக்குக் கொடுத்தல் வேண்டும். அது மட்டும் போதாது. அக்கணக்கினுள்ளும் தனியாளின் பெட்டி வேறு, பொதுப்பெட்டி வேறு. கூகுளில் அப்பொதுப்பெட்டி ‘ஷெயார்ட் ட்ரைவ்’ எனவும் மைக்ரோசொப்டில் ‘ஷெயார்பொயின்ற்’ எனவும் வழங்கும். பொதுப்பெட்டியில் வைத்த ஏடு, வைத்தவர் விலகினாலும் அங்கேயே இருக்கும். தனிப்பெட்டியில் வைத்த ஏட்டின் கதியோ, விலகியவரின் கணக்கை நீக்குமுன் எவரேனும் நினைவாக அதனை மாற்றியெடுப்பதிலேயே தங்கியுள்ளது. நீக்கிய கணக்கை மீட்பதற்குக் கூகுள் 20 நாட்களும் மைக்ரோசொப்ட் 30 நாட்களுமே தவணை தருகின்றன.

இரண்டாவது, உரிமையை ஆட்களுக்குக் கொடாது குழுக்களுக்குக் கொடுத்தல். கணக்குப் பகுதி என ஒரு குழு, விற்பனைப் பகுதி என ஒரு குழு அமைத்து, பெட்டிகளைக் குழுக்களுக்கே திறந்துவிடல் வேண்டும். புதியவர் ஒருவர் மன்னாரிலிருந்து சேர்ந்தாலும் குழுவிற் பெயரைப் பதிந்தவுடன் அவருக்கு வேண்டிய யாவும் முதல் நாளே கிடைக்கும். விலகுபவரின் பெயரை எடுத்தவுடன் யாவும் மூடப்படும். அன்றேல், தூரத்தில் இருக்கும் புதியவர் ஒவ்வொரு கோவைக்கும் ஒவ்வொருவரிடம் இரந்து நிற்க நேரிடும். அடுத்த மேசைக்காரரோ எழுந்து சென்று கேட்டுப் பெற்றுக்கொள்வார். இணைப்பு வைத்திருக்கும் எவரும் பார்க்கலாம் என்னும் வசதியையும் இயன்றவரை அடைத்துவிடல் நன்று. அவ்வாறு பகிர்ந்த ஏடு தெருச்சுவரில் ஒட்டிய கடதாசியை ஒக்கும். பிறருடைய விவரங்களைக் காப்பது இன்று வெறும் நற்பண்பு மட்டுமன்று. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் அதனைக் கடமையாக வகுத்துள்ளது.

மூன்றாவது, திறப்பு. கடவுச்சொல் ஒன்றையே நம்பியிருக்கும் காலம் போய்விட்டது. கடவுச்சொல்லோடு இரண்டாவது சான்று ஒன்றையும் கேட்கும்படி அமைத்தல் இன்றியமையாதது. அச்சான்று கைத்தொலைபேசிக்கு வரும் குறுஞ்செய்தியாக மட்டும் இருப்பின், வெளிநாடு சென்று சிம் அட்டையை மாற்றியவர் வாசலிலேயே நிற்பார். ஆதலாற் சான்றிலக்கத்தைத் தொலைபேசியிலேயே உண்டாக்கும் செயலி மேலானது. அவசரத்துக்கான இலக்கங்களை அச்சிட்டு ஒவ்வொருவரும் பத்திரமாக வைத்திருத்தலும் வேண்டும். இனி, முழு அமைப்பையும் ஆளும் தலைமை நிருவாகக் கணக்கு ஒருவரிடம் மாத்திரம் இருத்தல் ஆகாது. அவர் நோயுற்றால் அல்லது தொலைபேசியைத் தொலைத்தால் கந்தோரே பூட்டுண்டு போகும். இருவரிடமேனும் அஃது இருத்தல் வேண்டும். அவ்விருவரும் அன்றாட வேலைக்கு அதனைப் பயன்படுத்தாது வேறு கணக்கைப் பயன்படுத்தல் வேண்டும்.

நான்காவது நம்மவர்க்கே சிறப்பாக உரியது. இந்நாட்டுத் தமிழ்க் கந்தோர்கள் பலவற்றில் ஏடுகள் பாமினி எழுத்துருவில் தட்டெழுதப்பட்டு வந்துள்ளன. அவ்வெழுத்துரு உள்ள கணினியில் அவை அழகிய தமிழாய்த் தோன்றும். இல்லாத தொலைபேசியில் உரோம எழுத்துக்களும் அரைப்புள்ளிகளுமாய்க் காட்சி தரும். மேகக் கந்தோரிற் சொல்லைத் தந்து கோவையைத் தேடும் வசதி பெரும் பேறாகும். பாமினியில் எழுதிய தமிழையோ அத்தேடல் தமிழென்றே அறியாது. யுனிகோட் முறையில் எழுதிய ஏடு எக்கருவியிலும் தமிழாகவே திறக்கும், தேடினால் அகப்படும். பழைய ஏடுகளை மாற்றித் தரும் கருவிகள் உள. எனினும், மாற்றியபின் ஒருவர் இருந்து ஒப்புநோக்குதல் அவசியம். கோவைகளுக்குப் பெயரிடும்போது ஆண்டு, மாதம், நாள் என்ற ஒழுங்கிலே திகதியை முதலில் எழுதின் அவை தாமாகவே கால வரிசையில் நிற்கும்.

ஐந்தாவது, மின்சாரமும் இணையமும் தவறும் என்று முன்னரே எண்ணி அமைத்தல். 2022ஆம் ஆண்டு மார்ச் மாத முடிவில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் மின்வெட்டு இருந்தமையை யாவரும் அறிவர். அதே ஆண்டு ஜூன் மாதத்தில், எரிபொருள் இன்மையால் அரசாங்க ஊழியரும் வீட்டிலிருந்து கடமையாற்றும்படி கேட்கப்பட்டனர். இணையம் இல்லாதபோதும் ஏட்டைத் திறந்து எழுதி, இணைப்பு வந்ததும் அதனைத் தானாகச் சேர்க்கும் வசதி இவ்விரு தொகுதிகளிலும் உண்டு. ஆனால், இணைப்பு இருக்கும்போதே அதனைத் தொடக்கி வைத்தல் வேண்டும். விளக்கு அணைந்த பின்னர்த் தொடக்க இயலாது. வீடியோக் கூட்டத்தாலேயே எல்லாவற்றையும் நடத்தும் கந்தோர், இணைப்பு மெலிந்த ஊரில் இருப்பவரை நாளாந்தம் வெளியே நிறுத்துகிறது. எழுத்தில் முடியும் கருமத்தை எழுத்திலேயே முடித்தல் அவர்க்குச் செய்யும் நீதியாகும்.

நிற்க. மேற்கூறியன யாவும் நன்றாய் அமைந்த பின்னும் ஒரு குறை நின்றுவிடுதல் கூடும். எம் நிறுவனத்தில் வடமராட்சியைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் ஊரிலிருந்தே வேலை செய்தார். நோயுற்ற தாயாரைப் பார்க்க அவரன்றி வேறு ஆளில்லை. திறமைசாலி, குறித்த நாளில் வேலையை முடிப்பவர். ஒருநாள் தொலைபேசியில் என்னை அழைத்து, “அண்ணை, சம்பளம் ஒழுங்காய் வருது. ஆனால் நான் இந்தக் கந்தோரிலை இருக்கிறனோ இல்லையோ எண்டு எனக்கே விளங்கேல்லை. விட்டிடலாம் எண்டு யோசிக்கிறன்” என்றார். காரணம் யாதென ஆராய்ந்தபோது தெரிந்தது இது: கூட்டத்திற் பேசிய பின்னரும், கொழும்பிலிருந்த நால்வர் தேநீர் வேளையில் அதே பொருளை மீண்டும் பேசித் தீர்மானத்தை மாற்றிவிடுவர். அவரோ பழைய தீர்மானத்தின்படி இரண்டு நாள் உழைத்துவிட்டு, எல்லாம் வீணென்று பின்னர் அறிவார். அந்நால்வரிடம் வஞ்சகம் ஏதுமில்லை. ஒரு கூரையின் கீழ் இருந்தோர் அப்பால் இருந்தவரை மறந்தார்கள்; அவ்வளவே.

இதற்குப் புதிய மென்பொருள் எதுவும் வாங்கப்படவில்லை. இரண்டு ஒழுங்குகள் செய்யப்பட்டன. பொதுப்பெட்டியிலே தீர்மான ஏடு ஒன்று திறக்கப்பட்டது; அதில் எழுதப்படாத எதுவும் தீர்மானமன்று என விதிக்கப்பட்டது. தேநீர் வேளையில் எழுந்த எண்ணமாயினும் அதில் எழுதி, மற்றையோர் கருத்துச் சொல்ல ஒருநாள் விட்ட பின்னரே செல்லுபடியாகும். அடுத்து, ஒருவர் தூரத்திலிருந்து கூட்டத்திற் சேர்வாராயின், கந்தோரில் இருப்போரும் தத்தம் கணினியிலிருந்தே சேர வேண்டும் என்றாயிற்று. நால்வர் ஒரு மேசையைச் சுற்றியிருந்து சிரிக்க, ஒருவர் மட்டும் திரையில் ஒரு சிறு சதுரமாய்க் கிடக்கும் நிலை நீங்கிற்று. முதல் மாதத்தில் முணுமுணுப்பு இருந்தது. பின்னர், பழைய தீர்மானங்களைத் தேடியெடுக்க முடிந்ததால் அந்நால்வருமே அவ்வேட்டை விரும்பலாயினர். அவ்விளைஞர் வேலையை விடவில்லை.

கடல் கடந்தவரோடு சேர்ந்து உழைப்போர்க்கு நேர வேறுபாடும் உண்டு. இலண்டன் கோடையில் எமக்கு நாலரை மணி நேரமும் குளிர்காலத்தில் ஐந்தரை மணி நேரமும் பிந்தியது. ரொறன்ரோ ஒன்பதரை, பத்தரை. ஒவ்வொருவரும் தம் வேலை நேரத்தை நாட்குறிப்பிற் பதிந்து வைத்தால், நள்ளிரவில் ஒருவரை எழுப்பும் அநீதி நிகழாது.

ஈற்றில், காப்புப் பிரதி. மேகத்தில் உள்ளது அழியாது என்று நம்புவோர் பலர். 2023ஆம் ஆண்டில் இலங்கை அரசாங்கத்தின் மின்னஞ்சற் சேவையைத் தீயோர் தாக்கியபோது, மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான கடிதங்கள் மீட்க முடியாது அழிந்தன. ஏறக்குறைய 5,000 முகவரிகள் பாதிக்கப்பட்டன. பெரிய வழங்குநரிடமும், ஓரிடத்தில் நீக்கிய ஏடு எல்லோருடைய கணினியிலும் நீங்கிவிடும். கூகுளின் குப்பைத்தொட்டி அதனை 30 நாட்களும் ஷெயார்பொயின்ற் 93 நாட்களுமே சாதாரணமாக வைத்திருக்கும். ஆகவே, வேறோரிடத்திற் பிரதியொன்றை வைத்து, இடையிடையே அதிலிருந்து ஓர் ஏட்டை மீட்டுப் பார்த்தலும் வேண்டும். திறந்து பாராத பெட்டகத்தைப் பணம் என்று எண்ணலாகாது.

நிறுவனம் நடத்தும் பழைய மாணவ அன்பர்கள் இவற்றை மனங்கொள்வாராக. ஊரிலுள்ள ஒரு பிள்ளைக்கு வேலை கொடுத்தோம் என்று மகிழுமுன், அப்பிள்ளை கந்தோரின் முழு உறுப்பினராய் இருக்க வழி செய்தோமா என்று ஒருமுறை எண்ணிப் பார்த்தல் நன்று. இன்று வகுப்பறையில் இருக்கும் தம்பிமார்க்கும் ஒரு சொல். தூரத்து வேலைக்கு முதல் மூலதனம் கணினியன்று. கருத்தைத் தெளிவாகவும் சுருக்கமாகவும் எழுதும் ஆற்றலே. கண்ணாற் காணாத ஒருவர் உங்களை அறிவது உங்கள் எழுத்தாலேயே. கட்டுரைப் பாடத்திற் காட்டும் ஊக்கம் அங்கே சம்பளமாய்த் திரும்பி வரும்.

தாய் தந்தையரை விட்டு அகலாமல், கற்ற கல்விக்கேற்ற உத்தியோகமும் பார்த்தல் நம் முன்னோர் பலர்க்குக் கிட்டாத பேறு. அப்பேறு இன்று நம் பிள்ளைகளுக்கு எட்டும் தூரத்தில் நிற்கிறது. அதனைக் கைக்கு எட்டச் செய்வது நாம் வகுக்கும் ஒழுங்கே.