உமது நூல் எதைப் பற்றியது?

நூலொன்றை எழுதி முடித்தல் அரிது. அதனை அச்சிடுவித்தல் அதனினும் அரிது. இவ்விரண்டும் முடிந்த பின்னர், "உமது நூல் எதைப் பற்றியது?" என்று ஒருவர் வழியில் நிறுத்திக் கேட்க, அவருக்குச் சில வார்த்தைகளில் விடை பகர்தல் இருக்கின்றதே, அது யாவற்றினும் அரிது. இதனை நாம் பட்டறிந்தே சொல்லுகின்றோம்.

சில ஆண்டுகளுக்கு முன்னர், யாழ்ப்பாணக் குடாநாட்டுக் கிணறுகளைப் பற்றிச் சிறு நூலொன்று எழுதினோம். எம் தந்தையார் சிறுவனாயிருந்த காலத்தில் துலா மிதித்தவர். அவர் சொல்லக் கேட்ட செய்திகளும், விடுமுறை தோறும் நாம் ஊரூராய்த் திரிந்து சேர்த்த குறிப்புகளும் அந்நூலுள் அடங்கின. 500 பிரதிகள் அச்சிட்டோம். அச்சகத்துக்குக் கொடுக்க எமது சம்பளம் போதாமையால், இல்லாள் தன் கழுத்துச் சங்கிலியைக் கழற்றித் தந்தாள். அது அடைவுக்குப் போயிற்று. ஆறு மாதத்தில் மீட்டுத் தருவோம் என்று வாக்களித்தோம். வெளியீட்டு விழாவன்று உறவினரும் நண்பரும் வந்து, எம்முகத்துக்காக நூறு பிரதிகள் வரை பெற்றுச் சென்றனர். எஞ்சியவை கட்டுக்கட்டாய் எமது கட்டிலின் கீழ்க் குடிபுகுந்தன.

அக்காலத்தில் ஒருநாள் யாழ்தேவியிற் கொழும்புக்குப் பயணமானோம். எதிரே ஓய்வுபெற்ற எழுதுவினைஞர் ஒருவர் அமர்ந்திருந்தார். எமது மடியிலிருந்த நூலைக் கண்டு, "உது என்ன புத்தகம், மாஸ்டர்?" என்று அன்போடு வினவினார். அப்பொழுது வண்டி நாவற்குழியைக் கடந்து கொண்டிருந்தது. நாம் சுண்ணக்கல்லின் தோற்றத்திலே தொடங்கினோம். நில அமைப்பு, மழை வீழ்ச்சி, பண்டைக் குளங்கள், ஒல்லாந்தர் காலம் என்று வரிசை பிசகாமற் சொல்லிக்கொண்டே போனோம். பட்டதாரி ஆசிரியன் என்னும் செருக்கு ஒருபுறம். எதையும் விட்டுவிடக் கூடாதே என்னும் அச்சம் மறுபுறம். மாங்குளத்தில் வண்டி நின்றபோது தான் ஏறிட்டுப் பார்த்தோம். பெரியவர் நன்றாய் உறங்கிக் கொண்டிருந்தார். எப்பொழுது கண்ணயர்ந்தாரோ, யாமறியோம். அநுராதபுரத்தில் விழித்தெழுந்தவர், தேநீரைப் பற்றிப் பேசினாரேயன்றி நூலைப் பற்றி வாய் திறந்தாரில்லை.

ஆறு மாதம் கழிந்தது; சங்கிலி மீளவில்லை. இல்லாள் அதுபற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. அவள் சொல்லாமையே எம்மை வருத்திற்று.

இவ்வாறிருக்க, ஒரு மாலைப்பொழுதில் அயல்வீட்டு அம்மையார் வேலியோரத்தில் நின்று, எம் மகளிடம், "கொப்பா என்னவோ புத்தகம் எழுதினவராமே, என்ன பிள்ளை எழுதியிருக்கிறார்?" என்று கேட்டார். பன்னிரண்டு வயதுச் சிறுமி அவள். சிறிதும் யோசியாமல், "மாமி, உங்கடை கிணத்துத் தண்ணி முந்தி நல்ல தண்ணியாம். இப்ப ஏன் உவர்க்குது எண்டு அப்பா எழுதியிருக்கிறார்" என்றாள். அம்மையார் ஒருகணம் தம் கிணற்றைத் திரும்பிப் பார்த்தார். பின்னர், "அப்படியோ? அதிலை ஒண்டு கொண்டா பாப்பம்" என்றார்.

மாங்குளம் வரை பேசியும் நாம் செய்ய மாட்டாததை, எம் மகள் ஒரு மூச்சிலே செய்து முடித்தாள். அன்றிரவு எமக்கு உறக்கம் வரவில்லை. அவள் என்ன செய்தாள் என்று எண்ணிப் பார்த்தோம். எண்ணுந்தோறும் வெட்கமே மிகுந்தது. ஏனெனில், அவள் செய்ததை நாம் வகுப்பறையிலே ஆண்டுதோறும் கற்பித்து வருகின்றோம்!

நன்னூல் இயற்றிய பவணந்தி முனிவர், பாயிரம் இன்னின்னவற்றை உரைத்தல் வேண்டுமென எட்டுப் பொருள்களை வகுத்தார். ஆக்கியோன் பெயர், நூல் வந்த வழி, வழங்கும் எல்லை, நூற்பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன் என்பன அவை. ஏட்டில் எழுதும் பாயிரத்துக்கு எட்டும் வேண்டும். வேலியோரத்துப் பாயிரத்துக்கோ மூன்று போதும்: பொருள், கேட்போர், பயன். எம் மகள் கேட்போரை முதலில் வைத்தாள்: "உங்கடை கிணறு". பொருளை அடுத்து வைத்தாள்: நல்ல தண்ணீர் உவரானமை. பயனை இறுதியில் வைத்தாள்: அதன் காரணம் அறியலாம் என்பது. வைத்தபின் வாயை மூடிக்கொண்டாள். இந்த நான்காவது செயலே எமக்கு எந்நாளும் வாய்க்காதது. நாம் பேசி முடித்தாலன்றிக் கேட்பவர் வினவ இடமேது?

சிலப்பதிகாரத்தையும் நோக்குக. ஏறத்தாழ 5000 அடிகளாலான அப்பெருங்காப்பியத்தின் பொருளை, அதன் பதிகம் மூன்றே உண்மைகளில் அடக்கிவிடுகின்றது: அரசு தவறினால் அறமே கூற்றாகும், கற்புடையாளை உயர்ந்தோர் போற்றுவர், ஊழ்வினை தன் பயனை ஊட்டியே தீரும். காப்பியத்துக்கே மூன்று போதுமாயின், எமது கிணற்று நூலுக்கு ஒன்று போதாதா?

ஈண்டு ஓர் ஐயம் எழலாம். தன் நூலைத் தானே எடுத்துரைத்தல் தற்புகழ்ச்சி ஆகாதோ என்று கூசுவார் பலர். நாமும் கூசினோம். தன்னைத் தான் புகழ்தல் தகாதென்பதே நன்னூலாரின் கொள்கை. சிறப்புப் பாயிரத்தைத் தன் ஆசிரியனோ, உடன் கற்றோனோ, மாணாக்கனோ, உரைகாரனோ செய்தல் வேண்டுமென்பர். ஆயினும், தன் ஆற்றலை அறியாதாரிடத்துப் புலவன் தன்னைப் புகழ்தலும் தகுமென அவரே விதிவிலக்கு அளித்துள்ளார். புகைவண்டியில் எதிரிலிருப்பவர் எம்மை அறியார். ஆதலின் கூச்சம் வேண்டியதில்லை. அன்றியும், உம்மைப் புகழாது நூலின் பொருளையே பேசுவீராயின், அது தற்புகழ்ச்சியே அன்று.

இத்துணையும் தெளிந்த பின்னர், நாம் வேறொரு பிழை செய்தோம். அதனையும் மறைக்காமற் சொல்லுதல் வேண்டும். மகளின் வாக்கியத்தை மனனஞ் செய்துகொண்டு சந்தைக்கும் கோயில் வீதிக்கும் சென்றோம். பிரதிகள் விலைபோயின. மகிழ்ச்சி மேலிட்டு, வாக்கியத்துக்குச் சிறிது மெருகும் ஏற்றினோம். வெங்காயச் செய்கைக்காரர் ஒருவரிடம், "உவர்க் கிணற்றை நன்னீராக்கும் வழி இந்நூலில் உண்டு" என்றோம். அவர் மறுபேச்சின்றி வாங்கிச் சென்றார். இரண்டு கிழமை கழித்து எம் வீட்டு வாசலில் வந்து நின்றார். "மாஸ்டர், ரெண்டு தரம் படிச்சுப் பாத்திட்டன். தண்ணியை நல்லாக்கிற வழி இதிலை இல்லையே" என்றார். சினந்து பேசினாரில்லை, அதுவே எம்மை வாட்டியது. பணத்தைத் திருப்பி நீட்டினோம். பெற மறுத்து, "படிச்சது வீண் இல்லை. ஆனா, இல்லாததை இருக்கெண்டு சொல்லாதேங்கோ" என்று கூறிச் சென்றார்.

உண்மை யாதெனில், எம் நிலத்தடியில் மழைநீர் உவர்நீரின்மேல் மிதந்து நிற்கின்றது. வற்றாத ஆறில்லாத குடாநாட்டுக்கு அதுவே உயிர்நீர். துலாவால் அளவோடு இறைத்த காலம் போய், இயந்திரத்தால் வரையின்றி இறைக்கும் காலம் வந்தபின், அடியிலுள்ள உவர் மேலெழலாயிற்று. உவர்த்த கிணற்றை ஒருநாளில் இனிக்கச் செய்ய எந்நூலாலும் இயலாது. மேலும் உவர்க்காமற் காக்கலாம் என்பதே நாம் எழுதியது. அன்று தொட்டு, "உங்கள் கிணறு ஏன் உவர்த்தது, இனி எவ்வாறு காப்பது என்பதைச் சொல்லும் நூல்" என்பதற்கு மேல் ஒரு சொல்லும் கூட்டுவதில்லை. விலைபோவது சற்றுக் குறைந்தது. வாங்கியவர் எவரும் திரும்பி வந்து முறையிட்டதில்லை. அவ்வெங்காயச் செய்கைக்காரரே பின்னர் இருவரை எம்மிடம் அனுப்பி வைத்தார்.

இப்பொழுது எம் வகுப்பில் ஒரு பயிற்சி வைத்துள்ளோம். மாணவர் தாம் படித்த நூலொன்றை, வீட்டிலுள்ள பாட்டிக்கோ பெரியம்மாவுக்கோ ஒரே வாக்கியத்தில் சொல்லி வரல் வேண்டும். "பிறகு என்ன நடந்தது?" என்று அவர் கேட்டாராயின் மாணவருக்குப் புள்ளி உண்டு, "சரி, போய்ச் சாப்பிடு" என்றாராயின் இல்லை. நூல் எழுதும் அன்பர்களும் இதனைத் தம் இல்லத்திலே செய்து பார்க்கலாம்.

கட்டிலின் கீழ் இன்னும் இரண்டு கட்டுகள் உள்ளன. சங்கிலி சென்ற தைப்பொங்கலுக்கு முன்னர் வீடு வந்து சேர்ந்தது. ஆறு மாதத்தில் தருவதாகச் சொன்னதை மூன்று ஆண்டில் தந்தோம். இல்லாள் அதனை வாங்கி அணிந்துகொண்டு, "அடுத்த புத்தகம் எதைப் பற்றி?" என்று வினவினாள். நாம் விடை சொல்லத் தொடங்கினோம். அவள் கையை உயர்த்தி, "ஒரு வசனத்திலை சொல்லுங்கோ" என்றாள்.