பிடியின் அளவு

நடுவண் அரசு அலுவலகத்தில் எழுத்தர் பணி புரிபவனுக்குப் பகலெல்லாம் கோப்புகளே துணை. மாலையில் சிலர் இசையை நாடுவர். சிலர் சீட்டாட்டத்தை நாடுவர். நான் நாடுவது லேத் எனப்படும் கடைசல் எந்திரத்தை. தில்லியில் எங்கள் குடியிருப்பின் பின்புறத்தில் அது நிற்கிறது. லேத்துகளுக்குப் பெயர்பெற்ற பஞ்சாபின் பட்டாலா நகரில் உருவாகி, பட்டறை ஒன்று மூடப்பட்டபோது என்னிடம் வந்து சேர்ந்தது.

கடைசல் என்றதும் பலர் வெட்டும் உளியையே எண்ணுவர். ஆனால் சுழலும் பொருளைப் பற்றியிருக்கும் ‘சக்’ சரியாக இல்லாவிடில் எந்த உளியாலும் பயனில்லை. என்னிடம் இரண்டு சக்குகள் உள்ளன. முதலாவது மூன்று தாடைகள் உடையது. அதனுள்ளே சுருள் பள்ளம் வெட்டிய தட்டு ஒன்று உண்டு. சாவியைத் திருகினால் மூன்று தாடைகளும் ஒருங்கே நடுவை நோக்கி நகரும். உருண்டைக் கம்பியை நொடியில் பற்றிவிடும். எனினும் தேய்ந்த சக்கில் மையம் சிறிது விலகியே நிற்கும். நான்கு தாடைச் சக்கிலோ ஒவ்வொரு தாடையும் தனித்தனியே நகரும். டயல் கேஜை வைத்துப் பொருளைக் கையால் சுழற்றிப் பார்க்கவேண்டும். எதிரெதிர்ப் பக்கங்களில் முள் காட்டும் வேறுபாட்டில் பாதியே மையத்தின் விலகல். ஒரு தாடையைச் சற்றுத் தளர்த்திய பின்னரே எதிர்த்தாடையை இறுக்கவேண்டும். பொறுமை இருந்தால் 0.01 மில்லிமீட்டர் அளவுக்கு மையம் கூடிவரும்.

சக்கின் பகை இரும்புத் துகள். அவ்வப்போது தாடைகளைக் கழற்றி, டீசல் தொட்ட தூரிகையால் சுருள் பள்ளத்தைத் துலக்கி, மெல்லிய எண்ணெய் பூசவேண்டும். கிரீசை அப்பினால் துகள்கள் அதிலேயே ஒட்டிக்கொள்ளும். தாடைகளில் 1, 2, 3 என எண்கள் இருக்கும். அவ்வரிசையில் பொருத்தாவிடில் மூன்றும் ஒரு மையத்தில் கூடமாட்டா. சக்கைக் கழற்றுமுன் எந்திரத்தின் படுகைமீது பலகை இடவேண்டும். கை நழுவினால் விரலும் தப்பும், படுகையும் தப்பும். மீண்டும் ஏற்றுமுன் மரையையும் பொருந்தும் முகத்தையும் துடைக்கவேண்டும். ஒரு சிம்பு சிக்கினாலும் சக் சாய்ந்தே சுழலும்.

எல்லாவற்றினும் பெரிய விதி ஒன்றுண்டு: சக்கில் சாவி இருக்கும்வரை கை அதைவிட்டு அகலக்கூடாது. மறந்து எந்திரத்தை ஓட்டினால் சாவி எறிகணையாகப் பாயும். உடனிருந்து உதவும் என் மகன் அதைச் ‘சாபி’ என்பான். நான் ‘சாவி’ என்பேன். இந்திச் சொல்லும் தமிழ்ச் சொல்லும் போர்த்துக்கீசிய மொழியிலிருந்து வந்தவையே என்று சொன்னபோது அவன் வியந்தான். தில்லியில் பிறந்தவன், தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிப்பான். எனினும் லேத்தின் முன் நிற்கும் நேரமெல்லாம் எங்கள் பேச்சு தமிழிலேயே நடக்கும். “அப்பா, சாவியை எடுத்தாச்சா?” என்று கேட்காமல் விசையைத் தொடமாட்டான். அடுத்த ஆண்டு கல்லூரிக்காக வெளியூர் செல்லவிருக்கிறான்.

“வீட்டில் இந்தி பேசக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள், இல்லையேல் பிள்ளை கைநழுவிப் போவான்” என்று நண்பர்கள் எச்சரிப்பதுண்டு. அப்போது எனக்கு மெல்லிய வளையத்தைக் கடையும் வேலை நினைவுக்கு வரும். மூன்று தாடைகளால் அதை அழுத்திப் பிடித்து, உட்புறத்தை வட்டமாகக் கடையலாம். சக்கில் இருக்கும்வரை அது வட்டமாகவே இருக்கும். தாடைகளைத் தளர்த்திய கணத்தில் வளையம் மீண்டு, உட்புறம் மும்முனையாகிவிடும். பிடியில் இருந்தபோது எடுத்த அளவு, விட்டபின் பொய்யாகிறது. தளர்வாகப் பிடித்தாலோ பொருள் சுழன்று தெறிக்கும். ஆகவே அறிந்தோர் வளையம் முழுவதும் பொருந்துமாறு மென்தாடைகளைக் கடைந்துகொண்டு, அழுத்தத்தைப் பரப்பி, மெல்ல இறுக்குவர்.

புலம்பெயர்ந்து வாழும் நாமும் நம் மக்களை அவ்வாறே பற்றவேண்டும் என்பது என் துணிபு. நம் பிடியில் இருக்கையில் அவர்கள் பேசும் தமிழைக்கொண்டு எதையும் அளந்துவிட முடியாது. பிடி தளர்ந்தபின், தொலைவிலுள்ள விடுதியிலிருந்து என் மகன் எந்த மொழியில் என்னை அழைப்பான் என்பதே உண்மையான அளவு.